தாழைமுனைக்கு நடக்க எந்த மாதம் நல்லது

உ

முள்ளியவளை,
ரௌத்திரி வருஷம், புரட்டாதி மாதம் 20ம் திகதி.
(06.10.1980)

என் மூத்த மகள் வயிற்றுப் பேரன், லண்டன் மாநகரில் வாழும் சிவராசாவுக்கு அம்மம்மா கமலாசனி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மப்பா வீரகத்தியும் இரண்டு பசுக்களும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக் கட்டிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

முதலில் நம்முடைய பிள்ளைகளின் விசேஷங்களைச் சொல்லிவிட்டு அலுவலுக்கு வருகிறேன். உன் பெரிய மாமாவின் மகன் குகநேசன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருகவைத்தியம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது படுத்துக் கிடந்த நமது சிவலைப் பசுவின் நாக்கை இழுத்துப் பார்த்து இங்கிலீசில் ஒரு வியாதியின் பெயர் சொன்னான், பசு அடுத்த நாளே எழும்பிவிட்டது. அவன் தங்கை தயாபரி ஆசிரியப் பயிற்சி முடித்து கனகராயன்குளத்துப் பக்கம் படிப்பிக்கிறாள். அவள் குரலைக் கேட்டு அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்களாம். உன் சின்னம்மாவின் கடைக்குட்டி வதனி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்துவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அவள் ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறாள், ஆகவே நமது குடும்பத்தில் ஒரு வகுப்பும் வீணாகப் போகவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து நமது வயலுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் செய்கிற சுடலைமுத்து, அழகம்மா பற்றி முன்னே எழுதியிருந்தேன். அவர்களுடைய மகள் ஞானேஸ்வரியையும் நான் நமது பிள்ளைகளோடுதான் சேர்த்து வைத்திருக்கிறேன். அவளுடைய கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். பின்னால் வரப்போகிற கரைச்சலுக்கு அந்தக் கையெழுத்துப் பாதிக் காரணம். மற்றப் பாதி என்னுடைய கையெழுத்து. உன்னைப் பற்றி உனக்கே எழுதத் தேவையில்லை, எஞ்சினியர் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று, இனிச் சொல்வதற்குப் பக்கத்து ஊர்தான் மிச்சம்.

சரி, அலுவலுக்கு வருகிறேன். போன வருஷம் புரட்டாதியில் நீ ஒரு கடிதம் எழுதியிருந்தாய். அங்கே சனி ஞாயிறில் கடற்கரையோரமாய் நடக்கப் போவதாகவும், அதற்கென்று ஒரு சங்கம் இருப்பதாகவும், முதுகில் பையும் கையில் தடியும் நடப்பதற்கென்றே செய்த சப்பாத்தும் உண்டென்றும் எழுதி, ‘அடுத்த வருஷம் மூன்று கிழமை லீவு எடுக்கலாம், முல்லைத்தீவிலிருந்து தாழைமுனை வரைக்கும் கரையோரமாய் நடக்க ஆசை, எந்த மாதம் நல்லது என்று விசாரித்து எழுதுங்கோ அம்மம்மா’ என்று கேட்டிருந்தாய். அதற்கு இந்தப் புரட்டாதியில் பதில் எழுதுகிறேன். கோவிக்காதே. ஒரு மாதத்தைப் பற்றிப் பொறுப்பாக எழுதுவதென்றால் அந்த மாதம் வந்து போக வேண்டாமா? விசாரித்தும் பார்த்தேன். பஸ்ஸில் ஒருவர் தை என்றார், மீன்காரர் ஆவணி என்றார், உன் அம்மப்பாவைக் கேட்டால், “நடக்கிறது அவன். அவனுக்கு எப்ப லீவோ அப்பதான் நல்ல மாசம்” என்றார். இப்படி ஆளுக்கொரு கதை சொன்னால் நான் எதை எழுதுவது? ஆகவே ஒவ்வொரு காலத்திலும் நாங்களே ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு எழுதுவதென்று முடிவெடுத்தோம். நான் முடிவெடுத்தேன், அம்மப்பா கூட வந்தார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீ உலாத்தப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தாழைமுனையில் ஒரு அலுவல் கிடக்கிறது. ஆறு வருஷமாய் எழுதாமல் வைத்திருந்தேன், எழுதினால் அந்தச் சங்கத்துக்காரரோடு சேர்ந்து சிரிப்பாய் என்று. எழுபத்துநாலில் நீ பயணம் போகிற கிழமையில் நெருப்புக் காய்ச்சலில் படுத்தாய் அல்லவா, உன் அம்மா ஒரு பக்கம் அழ, பெட்டி ஒரு பக்கம் கட்டிக் கிடக்க, நான் தாழைமுனை வைரவரை நினைத்து நேர்ந்தேன். ‘என் பேரன் சுகப்பட்டுக் கரை சேர்ந்தால், அவன் திரும்பி வருகிற அன்று கரையோரமாய் வெறுங்காலோடு நடந்து வந்து, தன் கையாலேயே ஐம்பத்தொரு வடையில் மாலை சாத்துவான்’ என்று. உன்னைக் கேட்காமல் உன் காலை நேர்ந்தது சரியோ என்று நீ கேட்கலாம். நீ காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாய், கேட்க வசதிப்படவில்லை. நீ சுகப்பட்டாய், போய்ச் சேர்ந்தாய், படித்தாய். வைரவர் தன்னுடைய பங்கைச் செய்துவிட்டார். நம்முடைய பங்கு ஆறு வருஷமாய்க் கிடக்கிறது. இடையில் கிணற்றுக் கயிறு அறுந்ததும், என் முழங்கால் பிடித்ததும், சிவலைப் பசு படுத்ததும் எதனால் என்று நான் அறிவேன். அம்மப்பா கயிறு பழசு என்கிறார். முழங்காலும் பழசு என்கிறார்.

தாழைமுனைக்குப் போகிற வழி உனக்கு மறந்திருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் இறங்கித் தெற்குப் பக்கமாய் மணலில் நாலு மைல். மூன்றாவது மைலில் சிற்றாற்றுவாய் வரும். கோடையில் அந்த வாய் மூடிக் கிடக்கும், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தண்ணீர் தேங்கிய களப்பு, நடுவிலே மணல் மேடு, அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போய்விடலாம். மாரி தொடங்கினால் நமது வயல் பக்கத்து வெள்ளமெல்லாம் வந்து களப்பில் நிறைந்து நிற்கும். மணல் மேட்டை வெட்டிக் கடலுக்கு விட்டால்தான் வெள்ளம் வடிந்து பயிர் தப்பும். வெட்டிவிட்டாலோ பாதை போய் அந்த இடத்தில் ஆறு ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஒவ்வொரு தரமும் பத்து வடை சுட்டு ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். மாலை சாத்துவதற்கு இல்லை, அது உன் கையால் நடக்க வேண்டியது. நாலு மைல் போகையில் வடை என்ன நிலைமையில் போய்ச் சேருகிறது என்று பார்ப்பதற்குத்தான். நடக்கிற ஆள் களைத்தால் கொஞ்சம் இருந்து எழும்பலாம், வடை களைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. தாழைமுனைப் பூசாரி இளையதம்பியர் முல்லைத்தீவில்தான் இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போய்ப் பூசை செய்துவிட்டு வருவார். முப்பது வருஷத்தில் ஒரு வெள்ளியும் தவறவில்லை என்று பெருமையாய்ச் சொன்னார். அதனால் நாங்களும் வெள்ளிக்கிழமை பார்த்தே போனோம்.

கார்த்திகைக் கதை நீளம், அதைக் கடைசியில் சொல்கிறேன். பங்குனியில் ஒன்றுமே நடக்கவில்லை. விடியப்புறம் முதல் பஸ் எடுத்தோம், ஏழு மணிக்கு மணலில் கால் வைத்தோம், கடல் சட்டியில் விட்ட எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது, வாய் மூடிக் கிடந்தது, ஒன்பதரைக்குத் தாழைமுனை. வடையின் மொறுமொறுப்புக் கொஞ்சமும் குறையவில்லை. பின்னேரம் வீடு. எழுதுவதற்கு ஒரு வசனம் இல்லை. “இதுதான் மாசம், எழுதிப் போடு” என்றார் அம்மப்பா. மற்ற மாதங்களைப் பார்க்காமல் பங்குனிதான் திறம் என்று எப்படி எழுதுவது, நாளைக்கு ஆடி அதைவிடத் திறமாய் இருந்தால் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் ஒருக்கால் சத்தம் போட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

சித்திரையில் வருஷப்பிறப்பு முடிந்து போனோம். வழியில் நேர்த்திக்காரன் படப்போகிற பாட்டை அறியவேண்டும் என்று நானும் செருப்பில்லாமல் நடந்தேன். மணலில் கால் வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரி. அலை வந்து நனைக்கிற ஓரமாய் நடந்தால் கால் சுடாது, ஆனால் சீலை முழங்கால் வரைக்கும் நனைந்து, உப்புப் பிடித்து, பலகை மாதிரி விறைத்து நிற்கும். அம்மப்பா செருப்போடு மேட்டில் நடந்துகொண்டு, “நேர்ந்தது அவன்ர காலை. உன்ர காலை ஏன் வேகவைக்கிறாய்?” என்று கேட்டார். ஒரு மைல் போக அவருடைய செருப்பின் வார் அறுந்தது. பிறகு அவரும் அலை ஓரமாய் எனக்கு முன்னால் நடந்தார். தாழைமுனையில் பெட்டியைத் திறந்தால் புளித்த மணம். பூசாரியார் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இதை வைரவருக்குக் காட்டாமலே கொண்டு போங்கோ” என்றார்.

ஆடியில் சோழகம். அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், மணலை அள்ளி முதுகில் எறியும். உன் அம்மா கொழும்பில் வாங்கித் தந்த பூப்போட்ட குடையை நான் விரித்தேன். அது ஒருக்கால் மேலே மடிந்தது, ஒருக்கால் கீழே மடிந்தது, மூன்றாம் தரம் என் கையில் பிடி மட்டும் நின்றது, பூவெல்லாம் கடலுக்கு மேலால் போய்விட்டது. அம்மப்பாவின் சால்வை என் முகத்தில் வந்து ஒட்டியது. அவர் அதை எடுத்துத் தருவார் என்று நின்றால், “அப்பிடியே கிடக்கட்டும், மண் படாது” என்கிறார். அன்றைக்கு வடை பழுதாகவில்லை, ஆனால் கடித்தால் பல்லுக்குள் முல்லைத்தீவுக் கரை முழுதும் நறநறவென்றது. உன் அம்மாவுக்குக் குடையைப் பற்றி எழுதாதே, நான் அதைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறேன்.

இனிக் கார்த்திகை. போன வருஷம் ஐப்பசியில் மழை ஊற்றி ஊற்றி வயலில் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. நமது கமக்காரர் சங்கத் தலைவர் செல்வநாயகம், அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்கு ஒரு மனுப் போடுவோம், சிற்றாற்றுவாயை வெட்டி விடச் சொல்லுவோம் என்றார். மனுவை ஞானேஸ்வரி எழுதினாள். அதைப் பார்த்தால் கல்யாணக் கார்ட் மாதிரி இருந்தது. முதல் கையெழுத்து யார் வைப்பது என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் வாங்கி முதலாவதாக என் முழுப் பெயரையும் எழுதினேன். அம்மப்பா எனக்குக் கீழே வைத்தார். அரசாங்கக் காரியம், தை பிறந்த பிறகுதான் அசையும் என்று எல்லாரும் நினைத்தோம்.

கார்த்திகையில் ஒரு வெள்ளி மழை விட்டு வெயில் எறித்தது, மாரிக்கால நடையையும் பார்த்துவிடுவோம் என்று வெளிக்கிட்டோம். சுவரில் உன் மாமா பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் தொங்கிய உன் படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றி மடியில் சொருகிக்கொண்டேன், நீ வருவதற்கு முதல் வைரவருக்கு ஆளைக் காட்டிவைக்க. சிற்றாற்றுவாய்க்குப் போனால் மண்வெட்டியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டு நிற்கிறார்கள். கேட்டால், மனு பாஸாகிவிட்டதாம்! எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. “முதல் கையெழுத்து என்ர தம்பிமார்!” என்று சொல்லி, பெட்டியைத் திறந்து பத்து வடையையும் அவர்களுக்குக் கொடுத்தேன். “நல்லா ஆழமா வெட்டுங்கோ, அரைகுறையா விடாதேங்கோ” என்றேன். “பின்னேரத்துக்கிடையில திறந்திடுவம் ஆச்சி” என்று அவர்களும் சந்தோஷமாய்ச் சொன்னார்கள். நாங்கள் அவர்கள் வெட்டுகிற மேட்டைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். எனக்கு வயல்தான் கண்ணுக்குள் நின்றதே தவிர, திரும்பி வருகிற வழியும் அதுதான் என்பது மனதில் வரவே இல்லை. அம்மப்பாவுக்கும் வரவில்லை, ஆனால் தனக்கு வந்ததாகவும் நான் பேச இடம் கொடுக்கவில்லை என்றும் இப்போது சொல்லித் திரிகிறார்.

தாழைமுனையில் அன்று பூசாரியார் இல்லை. மழையென்றபடியால் சுணங்கி வருவார் என்று நினைத்தோம். படத்தை எடுத்து வைரவர் முன்னால் பிடித்து, இவன்தான் என்று சொல்லிக் கும்பிட்டேன். அப்போது அம்மப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “நடக்கிறதெண்டு நேர்ந்தனி, இதில கழுத்துப்பட்டி வரைக்கும்தானே கிடக்கு. காலைக் காணேல்லையே” என்றார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ அனுப்புகிற படமெல்லாம் நெஞ்சோடு நின்றுவிடுகிறது.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் மேட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு ஆறு இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்கிறது. நமது வயல் வெள்ளம், ஊரார் வயல் வெள்ளம் எல்லாம் சருகும் மரக்கட்டையுமாய் நமக்கு முன்னால் போகிறது. அம்மப்பா ஆற்றைக் கையால் காட்டி, “உன்ர கையெழுத்து நல்லா வேலை செய்யுது” என்றார்.

இக்கரையில் வெட்டினவர்களில் ஒருவரும் இல்லை, சுடலைமுத்து மட்டும் நின்றான். வாய் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தன்னுடைய வயலுக்கு எப்போது வடியும் என்று பார்க்க வந்தவன். எங்களைக் கண்டதும் பூவரச மரத்தடியில் நின்ற ஒரு இரும்புக் கம்பியைப் பிடுங்கி, அதில் தன் சட்டையைக் கட்டி, தலைக்கு மேலே ஆட்டி ஆட்டிக் கத்தினான். “அம்மா, எறங்கிறாதீங்க! தண்ணி ஆளை இழுக்குதுங்க! அங்கேயே ஒக்காருங்க!” நான் இருக்கத்தான் இருந்தேன். அவன் கம்பியில் சட்டை ஆடுவதைக் கண்டு களப்பில் போன ஒரு வள்ளக்காரர் கரைக்கு வந்து, எங்களைக் களப்புப் பக்கத்தால் சுற்றி ஏற்றிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். வள்ளத்தில் காலை வைக்கும்போது என்னுடைய முழங்கால் தன் குணத்தைக் காட்டியது. அம்மப்பா என்னைப் பிடித்தார், நான் வள்ளத்தைப் பிடித்தேன், உன்னை ஒருவரும் பிடிக்கவில்லை. மடியிலிருந்து வழுகி விழுந்து, முகம் வானத்தைப் பார்க்க, கழுத்துப்பட்டியோடு சிரித்துக்கொண்டு ஆற்றோடு கடலுக்குப் போனாய். “ஐயோ, பிள்ளை திரும்ப லண்டனுக்குப் போறான்” என்று நான் கத்த, “அது பர்மாப் பக்கம்” என்றார் அம்மப்பா.

இருட்ட முதல் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த கிழமை வயலில் வெள்ளம் வடிந்து பயிர் தலை நிமிர்ந்தது, அந்தப் போகம் நல்ல விளைச்சல். ஆகவே வெட்டினது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கார்த்திகை, மார்கழியில் தாழைமுனைக்கு ஆள் போக முடியாது என்பது நடந்து பார்த்து உறுதியாயிற்று.

இப்படி எல்லாம் பார்த்து முடித்து, பங்குனிதான் திறம் என்று எழுத நான் தாளை எடுத்து வைக்க, போன கிழமை உன்னுடைய கடிதம் வருகிறது. இந்த வருஷம் வேறு ஒரு மாதமும் இல்லை, நத்தார்ப் பண்டிகை விடுமுறையோடு சேர்த்து மார்கழியில் மூன்று கிழமைதான் தருகிறார்கள், அதை விட்டால் இனி எப்போது என்று தெரியாது, கந்தோரில் ஐப்பசி முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்று. நான் பங்குனியில் பார்த்த உடனே எழுதிப் போட்டிருந்தால் நீ இந்தப் பங்குனியை விட்டாலும் அடுத்ததையாவது முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பாய். அதுதான் இந்தக் கிழமை முழுக்க என் நெஞ்சில் கிடக்கிறது. அம்மப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலாய் இருக்கும்.

சும்மா இருக்க மனமில்லாமல் கமக்காரர் கூட்டத்துக்குப் போனேன். இந்த வருஷ மனுவை எழுதப் போகிற கூட்டம். ஞானேஸ்வரி பேனையோடு இருக்கிறாள். நான் எழும்பி, இந்த முறை சிற்றாற்றுவாயை தை பிறந்த பிறகு வெட்டினால் என்ன, ஒரு மாதம்தானே பிந்தும் என்று கேட்டேன். செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆச்சி, போன வருஷம் முதல் கையெழுத்து ஆற்ற?”

“என்ர.”

“அப்ப இந்த வருஷம் என்ன வந்தது?”

“என்ர பேரன் வாறான். தாழைமுனைக்கு நடக்கவேணும்.”

“அவர் நடக்கிறதுக்காக எங்கட நெல்லெல்லாம் தண்ணிக்குள்ள மூச்சடக்கிக்கொண்டு நிக்கோணுமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நேர்த்தி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. வைரவர் பெயர் வந்ததால் செல்வநாயகமும் கொஞ்சம் இறங்கி, “சரி, ஆச்சியின்ர சொல்லுக்கு ஆர் ஆர் சம்மதம், கையை உயர்த்துங்கோ” என்றார். நான் கையை உயர்த்திக்கொண்டு அம்மப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “என்ர வயலும் அதுக்கதான் கிடக்கு. வெட்டத்தான் வேணும்” என்றார். பின்னால் திரும்பினால் சுடலைமுத்து ஒருவன்தான் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். அவனுடைய இரண்டு ஏக்கரும் எல்லாருடைய வயலுக்கும் கீழே பள்ளத்தில் கிடப்பது, வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் கடைசியாய் வடிவதும் அதுதான். பக்கத்தில் அழகம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

“சுடலைமுத்து, உனக்கு என்ன விசரே? கையைக் கீழ போடு” என்றேன்.

“நீங்க தூக்கியிருக்கீங்கல்லங்கம்மா” என்றான்.

நான் என்னுடைய கையைக் கீழே போட்டேன். அவனும் போட்டான். ஞானேஸ்வரி மனுவை எழுதினாள், போன வருஷத்தைவிட வடிவாய். முதல் கையெழுத்துக்கு என்னிடம்தான் நீட்டினார்கள், வைத்தேன். வீட்டுக்கு வரும்போது நான் முன்னாலும் அம்மப்பா பத்துப் பாக தூரம் பின்னாலுமாக வந்தோம். படலையடியில் அவர், “நான் கையை உயர்த்தியிருந்தா நீ வெட்டாமலே விட்டிருப்பாய்” என்றார். அது உண்மை. அதனால் அன்றைக்கு அவரோடு கதைக்கவில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். மார்கழியில் வராதே. வந்தால் மூன்று மைல் நடந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நேர்த்தியைத் தீர்க்காமல் திரும்பிப் போக வேண்டி வரும், அது வராததைவிட மோசம். பங்குனியில் வா. அடுத்த பங்குனி தராவிட்டால் அதற்கடுத்த பங்குனி. வைரவர் ஆறு வருஷம் பொறுத்தவர், இன்னும் இரண்டு வருஷம் பொறுப்பார். எனக்கு அறுபத்தெட்டு முடிகிறது, நானும் பொறுத்துப் பார்க்கிறேன்.

உன் அம்மா அப்பாவுக்குத் தனியாய் எழுதுவேன். குகநேசன், தயாபரி, வதனி எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், கேட்காதவர்களும் சொல்லச் சொன்னதாக வைத்துக்கொள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, காலில் முள்ளும் கண்ணில் தூசும் படாமல், பேரும் புகழுமாய் வாழ உன்னை வாழ்த்துகிறேன். அம்மப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்த்தி, அவர் எழுதச் சொல்லவில்லை, ஆனால் மாட்டுக் கொட்டிலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு உன்மேல் உயிரான அம்மம்மா,
வீ. கமலாசனி

பி.கு. – கவரின் ஓரம் கிழிந்து சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் தபால்காரரை ஏசாதே, ஒட்டினதைப் பிரித்து நான்தான் திரும்ப எழுதுகிறேன். மேலே எழுதியதெல்லாவற்றையும் விட்டுவிடு. மார்கழியில் வா. இன்றைக்குக் கடிதத்தை முல்லைத்தீவில் தபாலில் போடப் போன இடத்தில், நேர்த்தியை இரண்டு வருஷம் பின்போட்டால் குற்றமோ என்று கேட்க இளையதம்பிப் பூசாரியார் வீட்டுக்குப் போனேன். ஏன் பின்போட வேணும் என்றார். மார்கழியில் அக்கரைக்கு எப்படிப் போவது என்றேன். “மாரியில ஆர் ஆச்சி அக்கரைக்குப் போறது? ஆற்றுவாய்க்கு இக்கரையில பூவரச மரத்தடியில சூலம் நட்டிருக்குதே. எங்கட அப்பு காலத்தில இருந்து கோடைக்கு வைரவர் அக்கரையில, மாரிக்கு இக்கரையில. இல்லாட்டி முப்பது வருஷம் ஒரு வெள்ளியும் தவறாமல் பூசை செய்ய நான் என்ன மீனோ?” என்கிறார். “இதை ஏன் ஐயா இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?” என்றேன். “நீங்கள் வடை பழுதாகுமோ எண்டுதானே கேட்டனியள்” என்றார். ஆகவே வாயை அவர்கள் வேண்டிய மட்டும் வெட்டட்டும், வயலும் தப்பும், நீயும் மூன்று மைல் நடந்தால் போதும், நாலாவது மைலை வைரவரே நடந்து வருகிறார்.

போன கார்த்திகையில் யாரோ அந்தச் சூலத்தைப் பிடுங்கி, அழுக்குச் சட்டை ஒன்றைக் கட்டிப்போட்டுப் போய்விட்டார்கள், ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பூசாரியார் சொன்னார். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் சுடலைமுத்து நெஞ்சில் கையை வைத்தபடி, “அது கம்பி இல்லீங்களாம்மா?” என்று நிலத்தில் இருந்துவிட்டான். அவனையும் மார்கழியில் உன்னோடு கூட்டிப் போகிறேன், அவனுக்கும் ஒரு மாலை. அம்மப்பாவிடம் சொன்னேன். “அப்ப மார்கழியும் நாங்கள் நடந்து பாக்காத மாசம்தானே” என்று சொல்லிப் புதுச் செருப்பு வாங்க வேண்டுமென்கிறார். நீ கந்தோரில் உடனே மார்கழி என்று சொல்லிவிடு. அதற்கு முதல் ஒரு காரியம் செய். சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது, வைரவருக்கும் இந்த முறை ஆளை ஒழுங்காய்க் காட்ட வேண்டும். கழுத்துப்பட்டி வேண்டாம், அந்த நடைச் சப்பாத்தும் வேண்டாம். வெறுங்காலோடு நிமிர்ந்து நின்று, கால் விரல் பத்தும் விழத்தக்கதாய் ஒரு புதுப் படம் எடுத்து உடனே தபாலில் போடு.